ஒன்பது கல்லூரி, ஒன்பது அகராதி

வெண்டல் யோடரின் வாயிலிருந்து இடது, வலது என்ற சொற்கள் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. கார் சாவி எங்கே என்று கேட்டால், "ஃப்ரிட்ஜுக்கு லூசி பக்கம்" என்பார். தோளில் சாஸ் ஒட்டியிருக்கிறது என்றால், "எந்தத் தோள்ல? லீமாவா, ராக்கியா?" என்று கேட்பார். மனைவி மார்லாவுக்கு இதெல்லாம் அத்துப்படி. லெஃப்டுக்கு ல என்பதால் லூசி, லீமா, லெமன் எல்லாம் இடது. ரைட்டுக்கு ர என்பதால் ரீட்டா, ராக்கி, ராபின் எல்லாம் வலது. பாவம், வழி கேட்டு வந்த ஒரு கூரியர்காரரைத்தான் "அடுத்த முனையில லூசிகிட்ட திரும்புங்க" என்று அனுப்பிவைத்துவிட்டார். அந்த மனிதர் ஊரில் இல்லாத லூசியைத் தேடி வீடுவீடாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

கல்லூரிக் கால்பந்து அணிகளில் உதவிப் பயிற்சியாளராக இருப்பவர்களுக்கு வரும் தொழில்நோய் இது. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதற்கே கால்பந்து என்று பெயர் வைத்த தேசம். இடதுக்கு லூசி என்று பெயர் வைத்ததில் என்ன அதிசயம்? எதிரணிக்குப் புரிந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு கல்லூரியும் எல்லாவற்றுக்கும் ஒரு ரகசிய வார்த்தை வைத்திருக்கும். வேலை மாறினால் அகராதியும் மாறும். வெண்டல் ஒன்பது கல்லூரி பார்த்தவர். ஒன்பது அகராதியும் தலைக்குள்ளேயே குவிந்து கிடந்தன. பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுத மூளை என்ன சிலேட்டா?

இப்போது அவர் இருந்தது கான்சாஸில், கட்லர் என்ற சிற்றூரின் கல்லூரியில். அணியின் முன்வரிசையில் நிற்கும் ஐந்து குண்டுப் பையன்கள் அவர் பொறுப்பு. பந்தைக் கையில் வைத்து ஓடாதவர்கள், பேப்பரில் பெயர் வராதவர்கள். பின்னால் நிற்கும் பந்துக்காரனை எவனும் நெருங்காமல் மறிப்பதுதான் அவர்கள் பிழைப்பு. நடுவில் குனிந்து நிற்பவன் பந்தைக் காலிடுக்கு வழியாகப் பின்னால் கொடுக்கும்வரை வரிசை மொத்தமும் சிலையாக நிற்க வேண்டும். அதற்குள் ஒருவன் தும்மினாலும் நடுவரின் மஞ்சள் துணி பறக்கும். அணி ஐந்து கெஜம் பின்னால் போக வேண்டும். எதிரணிக்காரன் அவசரப்பட்டுக் கோட்டைத் தாண்டினால் அவனுக்கும் அதே தண்டனை.

இந்தத் தொழிலுக்கு யாரும் நேர்வழியில் வருவதில்லை. வெண்டல் பள்ளி வாத்தியாராக இருந்தவர். அதை விட்டுவிட்டு முதல் கல்லூரியில் சம்பளமே இல்லாமல் சேர்ந்து, உடற்பயிற்சிக்கூடத்து சோபாவில் படுத்துக் கிடந்தார். பந்து எதிரணியிடம் இருக்கும்போது இறங்கும் தடுப்பு வரிசையைப் பார்த்துக்கொண்ட அவருடைய நண்பர் லவெல் டகில், மிசிசிப்பியில் முடிவெட்டும் கடை வைத்திருந்தவர். கடைக்கு வந்த ஒரு பயிற்சியாளரின் தலையைப் பாதி வெட்டும்போது அவருடைய அணியின் குறைகளை அடுக்க ஆரம்பித்தார். மீதியை வெட்டி முடிப்பதற்குள் வேலை கிடைத்துவிட்டது. இவர்களுக்கெல்லாம் தலைவரான ஹாலிஸ் கிரப், மாட்டுச் சந்தையில் ஏலம் கூவியவர். மூச்சு விடாமல் கத்த அங்கேதான் படித்தார்.

தலைவர் தோற்றால் அவரை அனுப்புவார்கள். அவரோடு உதவியாளர்களும் கிளம்ப வேண்டியதுதான். தலை போன பிறகு வாலுக்கு என்ன வேலை? அப்படித்தான் வெண்டலின் அலமாரியில் ஒன்பது நிறத்தில் காலர் பனியன்கள் தொங்கின. திறந்தால் ஜவுளிக்கடை போலிருக்கும். மகள் கோராவுக்குப் பதினேழு வயதில் இது ஏழாவது பள்ளிக்கூடம். கார் ஓட்டும் பயிற்சியை இரண்டு மாநிலங்களில் ஆரம்பித்து இரண்டிலும் பாதியில் விட்டு, இன்னும் உரிமம் இல்லாமல் அம்மாவின் காரில் பக்கத்து இருக்கையில்தான் போய்க்கொண்டிருந்தாள்.

ஆகஸ்டில் ஒருநாள், பாத்திரம் துடைத்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"அப்பா, மே மாசம் வரைக்கும். அவ்வளவுதான் கேக்கறேன்."

"மே மாசத்துல என்னம்மா?"

"ஸ்கூல் முடியுது. ஒரே ஒரு தடவையாவது சேர்ந்த ஸ்கூல்லயே முடிக்கணும்ப்பா. கடைசி நாள் போட்டோவுல பக்கத்துல நிக்கறவ பேரு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அவளுக்கும் என் பேரு தெரிஞ்சிருக்கணும்."

"சத்தியமா. மே மாசம் வரைக்கும் இந்த ஊர விட்டு அசைய மாட்டோம்."

ஆகஸ்டில் யார் வேண்டுமானாலும் சத்தியம் செய்யலாம். ஆகஸ்டில் எந்த அணியும் தோற்றிருக்காது. அந்தச் சத்தியம் தன் கையில் இல்லை, இருபது வயதுப் பையன்களின் காலில் இருக்கிறது என்பது வெண்டலுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தார். பெற்ற மகள் ஈரத்துணியும் கையுமாக நின்று அப்படிக் கேட்கும்போது வேறு என்னதான் செய்வார்?

செப்டம்பரில் கட்லர் தோற்றது. அக்டோபரில் இன்னும் ஒழுங்காகத் தோற்றது. நவம்பர் வந்தபோது, கடைசி ஆட்டத்திலும் தோற்றால் கிரப்புக்கு வேலை இல்லை என்று கல்லூரியில் வெளிப்படையாகவே பேசிக்கொண்டார்கள். கடைசி ஆட்டம் நெப்ராஸ்காவின் பிராண்ட் கல்லூரியோடு. வெண்டல் இதற்கு முன்னால் ஐந்து வருடம் இருந்த இடம் அது. அவரை அங்கிருந்து வீட்டுக்கு அனுப்பிய ஸ்டெர்லிங் வாஸ்தான் இன்னும் அங்கே தலைமைப் பயிற்சியாளர். வாஸ் எதையும் மாற்றாதவர். ராசியான காலுறையை மாற்ற மாட்டார், அகராதியையும் மாற்ற மாட்டார். உதவியாளர்களை மட்டும் தாராளமாக மாற்றுவார்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் மார்லா இறைச்சியும் பீன்ஸும் போட்டுக் காரமாகச் சில்லிக் குழம்பு வைத்து, கூடவே இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டியும் சுட்டிருந்தாள். அந்த ஊரில் இரண்டையும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். லவெல் டகில் வாசனை பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"என்ன மார்லா, பெட்டி கட்ட ஆரம்பிச்சாச்சா?"

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா? உக்காந்து கொட்டிக்கோ."

"எங்க வீட்டுல அந்தக் கவலையே இல்ல. போன தடவ கட்டின பெட்டிய என் பொண்டாட்டி இன்னும் பிரிக்கவே இல்ல. அவதான் புத்திசாலி."

கோரா தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "நாளைக்கு ஜெயிச்சுடுவீங்களா, அங்கிள்?"

லவெல் ரொட்டியைக் கீழே வைத்தார். "கண்ணு, என் வரிசைய ஒருத்தனும் தாண்ட மாட்டான். உங்கப்பன் வளக்கறானே அஞ்சு எருமை, அதுங்களப் பத்திதான் எனக்கு பயம்."

"என் எருமைங்க உன் வரிசையத் தினம் மிதிச்சுட்டுத்தான்டா போகுது," என்றார் வெண்டல்.

எல்லோரும் சிரித்தார்கள். கோராவும் சிரித்தாள். ஆனால் சில்லியில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அதைப் பார்த்த வெண்டலுக்கும் அதற்கு மேல் இறங்கவில்லை.

மறுநாள் மைதானத்தில் கோதுமை வயல் காற்று காதை அறுத்தது. ஊரே போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தது. ஆட்டம் முடியச் சற்று நேரமே இருந்தபோது கட்லர் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தது. பந்து கட்லரிடம்தான், ஆனால் மைதானத்தின் நடுவில். நான்கு முயற்சியில் பத்து கெஜம் முன்னேற வேண்டும் என்பது கணக்கு. மூன்று முயற்சி போய்விட்டது. இன்னும் ஒரு கெஜம் பாக்கி. இதுவும் தவறினால் பந்து எதிரணிக்கு. அப்புறம் கிரப்பும் லவெலும் வெண்டலும் பெட்டிக்கு டேப் வாங்கப் போகலாம்.

கிரப் ஒரு தந்திரம் செய்ய முடிவெடுத்தார். பந்துக்காரன் ரைக்கர் "ஹட், ஹட்" என்று தொண்டை கிழியக் கத்துவான், ஆனால் யாரும் பந்தைக் கொடுக்க மாட்டார்கள். ஏமாந்துபோய் எதிரணிக்காரன் ஒருவன் கோட்டைத் தாண்டிக் குதித்தால் ஐந்து கெஜம் இனாம். குதிக்காவிட்டால் இடைவேளை கேட்டுவிட்டு வேறு யோசிக்கலாம். கட்லரின் அகராதியில் இந்தப் பொய்யாட்டத்துக்குப் பெயர் 'பிளம்பர்'. இதோ வர்றேன், இதோ வர்றேன் என்பார், வரவே மாட்டார்.

"பிளம்பர்! உன் பசங்ககிட்ட சொல்லு, பிளம்பர்!" என்று கிரப் வெண்டலின் காதில் கத்தினார்.

வெண்டல் கோட்டோரமாக ஓடினார். கையைக் குவித்து வாயில் வைத்தார். அந்த நேரம் பார்த்து எதிர்வரிசையில் ஒரு முகம் கண்ணில் பட்டது. டஸ்டின் கிளெம். பிராண்டில் இருந்தபோது வெண்டல் நேரில் போய், அவன் அம்மா சுட்ட பூசணிக்காய்ப் 'பை' பலகாரத்தை மூன்று துண்டு விழுங்கி, கெஞ்சிக் கூத்தாடிக் கல்லூரிக்குக் கூட்டிவந்த பையன். எப்படி வளர்ந்துவிட்டான் என்று வெண்டலுக்கு ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது. அந்த ஒரு நொடியில் தலைக்குள் எந்த அகராதி திறந்துகொண்டதோ, அவர் கத்தியது இது:

"சண்டே! சண்டே!"

பிராண்டின் அகராதியில் பொய்யாட்டத்துக்குப் பெயர் சண்டே. விடுமுறை நாள், யாரும் வேலை செய்ய வேண்டாம்.

கிளெமுக்கு அந்த வார்த்தை காதில் விழுந்ததும் முகமெல்லாம் பல். பயிற்சியில் தங்கள் பந்துக்காரர்களிடமிருந்து நான்கு வருடம் கேட்ட வார்த்தை. "டேய், சண்டேடா! சும்மா கத்துறானுங்க, பந்து வராது! ஒருத்தனும் அசையாதீங்க!" என்று தன் ஆட்களுக்குக் குரல் கொடுத்தான். பிராண்டின் தடுப்பு வரிசை மொத்தமும் குதிகாலை ஊன்றி நின்றது. ஒருவன் இடுப்பில் கைகூட வைத்துக்கொண்டான்.

கட்லரின் நடுப்பையன் பென்னருக்கோ சண்டே என்றால் சண்டேதான். சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து தூங்குகிற நாள். ஆனால் வெண்டல் அவனுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார்: "நான் சொல்றது புரியலைன்னா யோசிக்காத. யோசிக்கறது உன் வேலை இல்ல. மொத சத்தத்துலயே பந்தக் குடு, முன்னால நிக்கறவனத் தள்ளு." பென்னர் சொன்ன பேச்சுத் தட்டாதவன். ரைக்கர் "ஹட்" என்றதும் பந்தைக் கொடுத்தான், முன்னால் நின்றவனைத் தள்ளினான். அவன் தள்ளியதைப் பார்த்து மற்ற நால்வரும் தள்ளினார்கள்.

பந்து கையில் வந்து விழுந்ததும் ரைக்கர் பயந்தேபோனான். வராது என்று அவனிடம் கிரப் சொல்லியிருந்தாரே! திருப்பிக் கொடுக்கவா முடியும்? எதிரே இடுப்பில் கைவைத்து நின்றவன் மல்லாந்து கிடக்க, அந்த வழியாக ஓடினான். கிளெம் திரும்பிப் பார்ப்பதற்குள் வெகுதூரம் போய்விட்டான். எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகும், இது கணக்கில் சேருமா என்று நடுவரைத் திரும்பிப் பார்த்தான். நடுவர் இரண்டு கையையும் தூக்கினார், ஆறு புள்ளி. கட்லர் ஜெயித்தது.

போர்வைகள் எல்லாம் பறந்தன. கிரப் ஓடிவந்து வெண்டலின் சட்டையைப் பிடித்தார்.

"என்னய்யா சொன்ன நீ? பிளம்பர்தானே சொல்லச் சொன்னேன்?"

"கோச், அது வந்து... வாய்..."

அதற்குள் யாரோ கிரப்பின் தலையில் ஒரு அண்டா ஐஸ் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டார்கள். பேச்சு அங்கேயே நின்றது. கைகுலுக்க வந்த ஸ்டெர்லிங் வாஸ், "ரெண்டு வருஷமா இதுக்காகத்தான் அந்த வார்த்தைய மனசுல வச்சுக் கறுவிட்டிருந்தியா?" என்று கேட்டுவிட்டு விடுவிடுவென்று போய்விட்டார்.

மறுநாள் பேப்பரில் 'யோடர் வைத்த பொறி' என்று கொட்டை எழுத்தில் வந்தது. பழைய கல்லூரியின் வார்த்தையை வைத்தே பழைய கல்லூரியைக் கவிழ்த்த சாணக்கியர் என்று தொலைக்காட்சியில் மூன்று பேர் உட்கார்ந்து பேசினார்கள். காலைச் சிற்றுண்டிக் கடையில் வெண்டலிடம் காசு வாங்க மறுத்தார்கள். "ஐயோ, அது வாய் தவறி வந்ததுங்க," என்று அவர் போகிற இடமெல்லாம் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். எவ்வளவு அடக்கமான மனுஷன் என்று அதற்கும் ஒரு பாராட்டு சேர்ந்தது.

லவெல் ஒருவர்தான் நம்பினார். "காக்கா உக்காந்துச்சு, பனம்பழம் விழுந்துச்சு. இப்ப ஊரே சேர்ந்து காக்காவுக்கு மாலை போடுது. போட்டுக்கடா, குனிஞ்சு நில்லு."

மாலை கிடக்கட்டும். வெண்டலுக்குக் கிடைத்த பரிசு வேறு. ஆட்டம் முடிந்ததும் கோரா கம்பித் தடுப்பை ஏறிக் குதித்து வந்து, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஆட்கள் முன்னால் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "மே மாசம் வரைக்கும்!" என்று காதில் கத்தினாள். அன்றைக்கு வெண்டலைவிடச் சந்தோஷமான மனிதர் கான்சாஸில் இருந்திருக்க முடியாது.

சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. தோற்றால் துரத்துவார்கள் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தவர், ஜெயித்தால் தூக்கிக்கொண்டு போவார்கள் என்பதை மறந்துவிட்டார்.

மருந்து தெளிக்கும் சிறு விமானங்கள் மட்டுமே இறங்கும் ஊர் ஓடுதளத்தில் ஒரு பளபளப்பான ஜெட் விமானம் வந்து இறங்கியது. வாலில் தெற்கத்திப் பல்கலைக்கழகம் ஒன்றின் சின்னம். அந்த ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. விமானத்தின் சக்கரம் நிற்பதற்குள் சிற்றுண்டிக் கடையில் செய்தி வந்துவிட்டது: கிரப்பைக் கொத்திக்கொண்டு போக வந்திருக்கிறார்கள்.

கிரப் அன்று மாலையே வெண்டலைக் கூப்பிட்டார். மேஜை ஏற்கெனவே காலியாக இருந்தது.

"வெண்டல், லட்சம் பேர் உக்கார்ற மைதானம்யா. தனி விமானம். லவெல் வர்றான். நீயும் வர்ற. முன்வரிசை உன்னுது. மொதல்ல கேட்டதே உன்னத்தான். அந்த சண்டே ஆள் வருவாரான்னு கேட்டாங்க."

 உடற்பயிற்சிக்கூடத்து சோபாவில் படுத்து வெண்டல் கனவு கண்டது இந்த வேலையைத்தான். இருபது வருடமாக ஊர் ஊராகப் பெட்டி தூக்கியது இதற்காகத்தான். அது தன்னைத் தேடி விமானமேறி வந்திருக்கிறது. ஆனால் மனசு கேட்கவில்லை.

"கோச், ஒரு உண்மையச் சொல்லிடறேன். அந்த சண்டே... அது பொறியும் இல்ல, ஒண்ணும் இல்ல. மறந்துபோய்ச் சொல்லிட்டேன்."

கிரப் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ஏன்யா, எனக்குத் தெரியாதா? பக்கத்துலதானே நின்னேன். ஆனா ஆகஸ்ட்லேர்ந்து அதத் தினம் பழகினோம்னு அவங்ககிட்ட நான் சொல்லிட்டேன். அதனால இனிமே அதுதான் உண்மை. நீ வாயத் திறக்காம இரு, அது போதும். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லு."

வராவிட்டால் என்ன ஆகும் என்று வெண்டல் கேட்கவில்லை. கேட்கத் தேவையுமில்லை. புதிதாக வரும் தலைவர் தன் ஆட்களோடுதான் வருவார்.

வீட்டுக்குப் போனார்.  விமானம் இறங்கிய ஊரில் அவர் எதைச் சொல்ல வேண்டும்? கூடத்தில் ஒயின் கடையிலிருந்து கேட்டு வாங்கிவந்த காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. கோரா தரையில் உட்கார்ந்து டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தாள். கிழிக்கிற வேகத்தைப் பார்த்தால் கூலிக்கு மூட்டை கட்டுகிறவர்கள்கூடத் தோற்றுவிடுவார்கள்.

"அப்பா! நீ ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்குப் புரியுது," என்று அவளே ஆரம்பித்தாள். "இது உன் பெரிய சான்ஸ். எனக்கு இந்தத் தடவ மூணு பெட்டிதான். அதிகமா எதுவும் வாங்கவே இல்ல நான். எதுக்கும் இருக்கட்டும்னுதான்."

முகத்தில் சிரிப்பு இருந்தது. நல்ல பிள்ளை, அப்பாவுக்காகப் போட்டுக்கொண்ட சிரிப்பு. இந்த ஊரில் இருப்பதற்கு அவள் அவ்வளவு ஆசைப்பட்டாளே, அப்போதும் சாமான் மூன்று பெட்டிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது வெண்டலுக்கு நெஞ்சில் குத்தியது. அழுது ரகளை செய்திருந்தால் தாங்கியிருப்பார்.

மறுநாள் அவளுடைய மாற்றுச் சான்றிதழுக்காக வெண்டல் பள்ளிக்குப் போனார். இந்தக் காரியத்தில் அவருக்கு ஏகப்பட்ட அனுபவம். தலைமையாசிரியை பெர்னிஸ் ஹார்ம்ஸ் தொலைபேசியில் யாரிடமோ காய்ந்துகொண்டிருந்தார். ரிசீவரை வைத்துவிட்டு இவரிடமும் காய்ந்தார்.

"நீங்களும் போறீங்களா? போங்க, எல்லாரும் போங்க. எங்க டிரைவிங் வாத்தியார் ஃப்ளோரிடாவுக்குப் போறாராம், குளிர் ஒத்துக்கலையாம். கால்பந்து வரிசையப் பாத்துக்கிட்டதும் அவருதான். நடு வருஷத்துல ஆளுக்கு எங்க போவேன்? வாத்தியார் சான்றிதழ் வச்சிருக்கற யாரையாவது உங்களுக்குத் தெரியுமா, கோச்?"

"தெரியும். நான் வச்சிருக்கேன்."

பெர்னிஸ் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "விளையாடாதீங்க. உங்களத் தேடி விமானம் வந்திருக்குன்னு ஊரே பேசுது."

"எத்தன மணிக்கு வரணும், சொல்லுங்க," என்றார் வெண்டல்.

இந்த முறை வாய் தவறவில்லை. எந்த அகராதியும் குறுக்கே வரவில்லை.

காருக்கு வந்து உட்கார்ந்தார். லட்சம் பேர் எழுந்து நின்று கத்தும் சத்தம் எப்படியிருக்கும் என்பது இனித் தனக்குத் தெரியப்போவதில்லை என்று நினைத்தார். வருத்தமாகத்தான் இருந்தது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் நன்றாகவே வருத்தப்பட்டார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு கிரப்புக்குப் போன் செய்தார். கிரப் ஏலம் கூவுகிற வேகத்தில் திட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில், "போய்த் தொலை. உன் பொண்ண நான் விசாரிச்சேன்னு சொல்லு," என்றார்.

வீட்டில் மார்லாவிடம் முதலில் சொன்னார். அவள் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"இருபது வருஷமா ஆசப்பட்ட வேல, வெண்டல். பின்னாடி என்னையும் அவளையும் பாத்துப் பெருமூச்சு விட மாட்டியே?"

"ஆசை இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். விடுவேன். சனிக்கிழமை மேட்ச் வரும்போது டி.வி. முன்னால உக்காந்து ஒரு பெருமூச்சு விடுவேன். அத மட்டும் அனுமதிச்சுடு."

"ஒண்ணே ஒண்ணு. ரெண்டாவது விட்டா உதை விழும்," என்று சொல்லிவிட்டு மார்லா அவர் காலர் பனியனில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளிடம் பல் மருந்து வாசனை அடித்தது. அவளுக்கு ஊர் பல் மருத்துவரிடம் வேலை. இதுவரை எத்தனையோ பல் மருத்துவர்களிடம் விடைபெற்றவள்.

பிறகு கூடத்துக்குப் போய் மகளிடம் சொன்னார். கோரா டேப்பும் கையுமாக எழுந்து நின்றாள்.

"இரு, இரு. போகலையா? மே மாசம் வரைக்கும் இங்கதானா?"

"மே மாசம் தாண்டியும் இங்கதான்."

"வேலைக்கு என்ன பண்ணுவ?"

"கெடச்சுடுச்சு. உங்க ஸ்கூல்ல. டிரைவிங் வாத்தியார்."

கோராவின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. "என் ஸ்கூல்லயா?"

"நீயும் இன்னும் லைசென்ஸ் வாங்கல. என் வகுப்புலதான் வருவ."

"அப்பா! நான் போகக் கூடாதுன்னுதான் கேட்டேன். நீ வரணும்னு எப்பக் கேட்டேன்?" என்று அலறினாள். அலறிய அலறலில் மார்லா கரண்டியோடு ஓடிவந்தாள். கோரா ஒரு பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார, பெட்டி நசுங்கி உள்ளே போனது. காலிரண்டும் மேலே தூக்கியபடி அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், எது எது என்று பிரிக்க முடியவில்லை. மூவருமாகச் சேர்ந்துதான் அவளைப் பெட்டியிலிருந்து பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. மூன்றாவது ஆள் லவெல். விடைபெற வந்தவர், பின்கதவு வழியாக அன்றைக்கும் சில்லி உண்டா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கோரா கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டம் போட்டாள். பள்ளியில் இருவருக்கும் அறிமுகமே கிடையாது. நடைபாதையில் பார்த்தால் அவர் சுவரைப் பார்க்க வேண்டும். 'என்னம்மா', 'கண்ணு' என்று வாயில் வரக் கூடாது. எக்காரணம் கொண்டும் கட்டிப்பிடிக்கக் கூடாது. வெண்டல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஜனவரியில் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. முதல் நாள் காலை, கழுத்தில் விசிலும் கையில் கார் சாவியுமாக வெண்டல் நடைபாதையில் வந்தார்.  ஒன்பது கல்லூரியிலும் முதல் நாளன்று இவ்வளவு பயந்ததில்லை. எதிரே கோரா பெட்டகத்தைத் திறந்துகொண்டு நின்றாள். பக்கத்தில் ஒரு புதுப்பெண், அன்றைக்குத்தான் சேர்ந்தவள் போல, வழி தெரியாத முழிப்போடு புத்தகங்களை அணைத்துக்கொண்டு நின்றாள். ஒப்பந்தப்படி வெண்டல் சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

அந்தப் புதுப்பெண் கேட்பது காதில் விழுந்தது. "யாரு அவரு? ஏன் சுவரப் பாத்துக்கிட்டே போறாரு?"

"எங்கப்பா," என்றாள் கோரா, நடைபாதை முழுக்கக் கேட்கிற மாதிரி. "புது டிரைவிங் வாத்தியார்."

"ஓ. நீங்கள்லாம் எந்த ஊரு?"

வெண்டலின் கால் தானாக நின்றுவிட்டது. ஏழு பள்ளிக்கூடம் பார்த்த பெண் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நாங்களா? இந்த ஊருதான்."